பழக்கமும் ஒரு முதலீடுதான்!
கம்பெனிகள் சூழ்ந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கிராமங்களில் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு...

காலை 5 மணிக்கே வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்ட ஆரம்பித்துவிடும். படப்பை, ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் என்று எந்தக் கூட்டு ரோட்டில் நின்றாலும் ஷிஃப்டுக்குப் போகிற கூட்டம்தான். இத்தனை பேருக்கும் மூன்று வேளைச் சாப்பாடு வேண்டும். தங்க இடம், துவைத்த சீருடை, பால், கீரை, முட்டை, தண்ணீர் கேன், வேன், பஞ்சர் கடை எல்லாமே வேண்டும்.

ஆனால், இந்த ஊர்களின் வயலில் விளைகிற கீரை பல நாள் கோயம்பேடு போய்விட்டுத்தான் இங்குள்ள கேன்டீனுக்குத் திரும்பி வருகிறது. கம்பெனி மதில் சுவரை ஒட்டியே நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கு, உள்ளே யார் காய்கறி வாங்குகிறார்கள் என்பது தெரியாது. உள்ளே வாங்குபவருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன விளைகிறது என்பது தெரியாது. நடுவில் இருப்பது ஒரு சுவர் மட்டும். அதைத் தாண்ட ஏணி வேண்டாம், தெரிந்த ஆள் ஒருவர் இருந்தால் போதும்.

'தொழில் தொடங்கணும்னா பணம் வேணும்' என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். பணம் வேண்டும்தான். ஆனால், அந்தப் பணத்தை எதில் போடுவது, யாருக்கு விற்பது, யாரை நம்புவது, எங்கே கையெழுத்துப் போடக் கூடாது என்பதையெல்லாம் சொல்வது மனிதர்கள். உறவு, நட்பு, குழு, பழக்கம் என்ற இந்த வலை எப்படித் தொழிலை வளர்க்கிறது, எப்போது கழுத்தை இறுக்குகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

சொர்ணவாரி வயலில் இருந்து சிப்காட் வரை

சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஏரித் தண்ணீரை நம்பி நெல் விளைந்த பூமி இது. மேட்டு நிலத்தில் வேர்க்கடலை, கிணற்றுப் பாசனத்தில் காய்கறி. 1971-ல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் இந்தப் பகுதியில் தொழிற்பூங்காக்களை அமைத்த பிறகு ஊரின் முகம் மாறியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்தது. 1998-ல் அதன் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் தயாரிப்பு தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் கார் ஆலை, 2012-ல் டைம்லர் லாரி ஆலை, 2013-ல் ராயல் என்ஃபீல்டு ஆலை என்று அடுத்தடுத்து வந்தன. சுங்குவார்சத்திரம் பக்கம் சாம்சங், ஃபாக்ஸ்கான். 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி திறக்கப்பட்டது. ஒரு சிறிய நகரத்தின் மக்கள்தொகை அளவுக்கு, ஒரே வளாகத்தில் ஆட்கள்!

ஆக, சந்தை வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. நிலம் கொடுத்துப் பணம் வாங்கியவர்களில் சிலர் வாடகை அறைகள் கட்டினார்கள். சிலர் வேன் வாங்கினார்கள். சிலர் மெஸ் வைத்தார்கள். பணம் கரைந்து, பிள்ளைகள் கான்ட்ராக்ட் வேலைக்குப் போன வீடுகளும் உண்டு. ஒரே தெரு, ஒரே தொகை என்றாலும் ஒரு வீடு ஏறுகிறது, இன்னொரு வீடு இறங்குகிறது. சாமர்த்தியம், உழைப்பு, அதிர்ஷ்டம் எல்லாவற்றோடும் இன்னொரு காரணமும் இருக்கிறது. ஏறிய வீட்டுக்குச் செய்தி முதலில் வந்திருக்கும்.

சொந்தம் பணம் தரும்... பழக்கம் ஆர்டர் தரும்!

அமெரிக்காவைச் சேர்ந்த மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியல் அறிஞர், பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் வேலை மாறியவர்களிடம் ஓர் ஆய்வு செய்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், 'அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்?' என்று கேட்டார். அடிக்கடி சந்திப்பேன் என்றவர்கள் 100-க்கு 17 பேர்தான். மற்ற 83 பேருக்கும் வேலையைச் சொன்னவர் எப்போதாவது பார்க்கிறவர், அல்லது அபூர்வமாகப் பார்க்கிறவர். 1973-ல் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்றுவரை உலகம் முழுக்கப் பேசப்படுகிற கட்டுரை அது.

இதற்கான காரணத்தை நம் ஊர்த் திண்ணையில் வைத்தே புரிந்துகொள்ளலாம். மச்சான், பங்காளி, பக்கத்து வயல்காரர் எல்லோரும் ஒரே டீக்கடையில்தான் உட்காருகிறோம். அவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். புதுச் செய்தி வேறு டீக்கடையில்தான் இருக்கிறது. கம்பெனி பஸ் ஓட்டுகிற டிரைவர், கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற அக்கா, வாடகை அறையில் தங்கியிருக்கும் ஒடிசாக்காரப் பையன், உங்கள் மகளோடு ஐ.டி.ஐ.-யில் படித்தவர்... இவர்கள் எல்லாம் நம் நெருங்கிய சொந்தம் கிடையாது. ஆனால், நாம் போகாத இடத்துக்குத் தினமும் போய் வருகிறவர்கள்.

அதற்காகச் சொந்தம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. ராத்திரி 10 மணிக்குக் கைமாற்றாக 20,000 ரூபாய் வேண்டுமென்றால் டிரைவர் தரமாட்டார், தாய்மாமன்தான் தருவார். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் தம்பி மனைவிதான் வருவார். சொந்தம் தாங்கிப் பிடிக்கும். பழக்கம் வழி காட்டும். தொழிலுக்கு இரண்டும் வேண்டும்.

சிவகாசியும் திருப்பூரும் சொல்லும் பாடம்

வானம் பார்த்த பூமியான சிவகாசியில் இருந்து 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற உறவினர்கள் இருவர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அடுத்த வருஷமே ஊரில் ஆலை தொடங்கினார்கள். இதில் கவனிக்க வேண்டியது, தொழில்நுட்பம் வெளியூர்ப் பழக்கத்தில் இருந்து வந்தது. அதை ஊன்றச் செய்த நம்பிக்கை உள்ளூர் உறவில் இருந்து வந்தது. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கிப் பொது நிதி சேர்க்கும் 'மகமை' வழக்கம் அந்தச் சமூக வணிகர்களிடம் ஏற்கெனவே இருந்தது. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கியதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி.

திருப்பூர் கதையும் இதைப் போன்றதுதான். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பனியன் கம்பெனியில் கூலியாகச் சேர்ந்து, பிறகு சொந்தக்காரர்களோடும் ஊர்க்காரர்களோடும் பங்கு சேர்ந்து முதலாளியானவர்கள் அங்கே ஏராளம். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் இதைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். ஒருவர் நூல் தருவார்; ஒருவர் சாயம் போடுவார்; ஒருவர் தைப்பார். எழுத்து ஒப்பந்தம் இருக்காது, பேச்சுத்தான் ஒப்பந்தம்.

ஆனால், இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, கைவான் முன்ஷி இருவரும் திருப்பூர்க் கம்பெனிகளின் கணக்குகளை ஆராய்ந்து 2004-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளூரில் செல்வாக்குள்ள சமூகத்தவர்கள் அதிக முதலீட்டோடு தொழில் செய்தார்கள். வெளியில் இருந்து வந்தவர்கள் குறைந்த முதலீட்டில் தொடங்கினாலும் வேகமாக வளர்ந்தார்கள். அதாவது, பணம் திறமையைத் தேடிப் போகவில்லை. தெரிந்தவரைத் தேடிப் போனது. வலைக்குள் இருப்பவருக்கு அது ஏணி. வெளியே நிற்பவருக்கு அதுவே வேலி. நம் ஊரிலும் காலனிக்காரர்களையும் பெண்களையும் வெளியே நிறுத்திவிட்டு 'நம்மாளுங்க' மட்டும் சேர்ந்தால், நல்ல உழைப்பாளியும் போய்விடுவார். புதுச் செய்தியும் போய்விடும்.

சொந்தபந்தம் இல்லாதவர்கள் என்ன செய்வது?

இதற்கான பதிலை நம் மாவட்டம் 120 வருஷத்துக்கு முன்பே கொடுத்துவிட்டது. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததும், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள திரூரில் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. நாட்டிலேயே முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று கூட்டுறவுத் துறை பெருமையோடு குறிப்பிடுவது இந்தச் சங்கத்தைத்தான். அதே வருஷம் பெரிய காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பணக்கார மாமா இல்லாதவர்கள், ஒருவருக்கொருவர் மாமாவாக இருப்போம் என்று முடிவு செய்த கதை அது.

அதே வழியில்தான் மகளிர் சுய உதவிக் குழுக்கள் வந்தன. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம், பிறகு மகளிர் திட்டமாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. 1992-ல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை ஆரம்பித்தது. ஈடு காட்ட நிலம் இல்லாத பெண்ணுக்கும் கடன் கிடைத்தது. குழுவின் ஒழுங்குதான் ஈடு. 2002-ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தியதில் உழவர் உற்பத்தியாளர் கம்பெனி என்ற வடிவம் வந்தது. 10 விவசாயிகள் சேர்ந்தால் பதிவு செய்யலாம்.

குழு என்றதும் கடனைத்தான் நினைக்கிறோம். குழுவில் கிடைக்கும் தைரியத்துக்கும் கணக்கு இருக்கிறது. குஜராத் மாநிலம் ஆமதாபாத்தில், சேவா வங்கியில் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு இரண்டு நாள் தொழில் பயிற்சி கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. சிலரைத் தனியாக அழைத்தார்கள். சிலரை ஒரு தோழியோடு வரச் சொன்னார்கள். பாடம் ஒன்றுதான். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது, தோழியோடு வந்தவர்கள்தான் கடன் வாங்கித் தொழிலில் போட்டிருந்தார்கள். அவர்கள் வீட்டு வருமானமும் கூடியிருந்தது. வீட்டை விட்டு வெளியே போகக் கட்டுப்பாடு அதிகமுள்ள சமூகத்துப் பெண்களுக்கு இந்தப் பலன் இன்னும் அதிகம். அடுத்த முறை பயிற்சிக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள்!

சீனாவின் நான்சாங் நகரத்தில் 2,800 சிறு கம்பெனி முதலாளிகளை வைத்து இன்னோர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினரைப் பத்துப் பத்துப் பேராகக் குழு பிரித்து, மாதம் ஒருமுறை ஒருவர் பட்டறையில் ஒருவர் கூடிப் பேச வைத்தார்கள். ஒரு வருஷத்தில் அந்தக் கம்பெனிகளின் விற்பனை, குழுவில் சேராதவர்களைவிட சுமார் 8 சதவிகிதம் கூடியது. ஒரே தொழிலில் போட்டியாக இருப்பவர்கள் அதிகமுள்ள குழுவில் மட்டும் சில செய்திகளை மறைத்துக்கொண்டார்கள். ஆகவே, குழுவில் கீரைக்காரர், பால்காரர், மெஸ்காரர், வேன்காரர் என்று கலந்து இருப்பது நல்லது.

ஒரு கீரைக் கணக்கு

2,000 பேர் சாப்பிடும் ஒரு கேன்டீன் என்று வைத்துக்கொள்வோம். வாரம் இரண்டு நாள் கீரைப் பொரியல். ஆளுக்கு 75 கிராம் பச்சைக் கீரை என்றால், ஒரு தடவைக்கு 150 கிலோ. சென்ட்டுக்கு 30 கிலோ கிடைக்கிறது என்று வைத்தால், ஒரு அறுவடைக்கு 5 சென்ட். கீரை அறுவடைக்கு 25 நாள், மண் தயார் செய்ய 5 நாள், ஆக மொத்தம் 30 நாள். இந்த 30 நாளில் 9 தடவை கீரை கொடுக்க வேண்டும். 9 பாத்திகள், மொத்தம் 45 சென்ட்.

'அட, இதை நான் ஒருத்தனே செய்துவிடுவேனே' என்று தோன்றும். கணக்குப்படி சரிதான். ஆனால், ஐப்பசி அடைமழையில் பாத்தியில் தண்ணீர் நின்றால் ஒரே ராத்திரியில் கீரை அழுகிவிடும். வீட்டில் கல்யாணம், சாவு என்றால் அறுவடைக்கு ஆள் இருக்காது. கேன்டீன்காரருக்கு நம் காரணம் தேவையில்லை. காலை 6 மணிக்குக் கீரை தேவை. இரண்டு தடவை தவறினால் அவர் மறுபடி கோயம்பேட்டுக்கே போய்விடுவார்.

அதுவே 5 பேர், ஆளுக்கு 15 சென்ட், மேட்டு நிலம், பள்ள நிலம் என்று வேறு வேறு இடத்தில் வைத்தால் மொத்தம் 75 சென்ட். தேவைக்கு மேல் 30 சென்ட் கையிருப்பு இருக்கும். ஒருவருக்கு அழுகினால் இன்னொருவர் கொடுப்பார். மிச்சமாகும் கீரை சுற்றுவட்டாரக் கடைகளுக்கும் மெஸ்ஸுக்கும் போகும். வாங்குபவருக்கு ஒரு போன் நம்பர், ஒரு எடை, ஒரு பில். ஐந்து பேரின் பழக்கம் இங்கே பயிர்க் காப்பீடாகவே வேலை செய்கிறது.

இதில் யாரைப் பிடிப்பது என்பதும் முக்கியம். பெரும்பாலான பெரிய ஆலைகளில் கேன்டீனை ஆலை நேரடியாக நடத்துவதில்லை. உணவு கான்ட்ராக்டரிடம் விட்டுவிடுவார்கள். கம்பெனி கேட்டில் போய் மேனேஜரைப் பார்க்க நின்றால் செக்யூரிட்டிதான் பேசுவார். கான்ட்ராக்டரின் பர்ச்சேஸ் ஆள் யார், அவர் எந்த நேரத்தில் சரக்கு இறக்குகிறார், எதில் அவருக்குத் தொல்லை என்பதையெல்லாம் கேன்டீனில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பெண்ணே சொல்லிவிடுவார்.

தரத்தில் விளையாட முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே, ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன உணவால் 150-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் நடந்தது. அப்படி ஒரு சம்பவத்துக்குப் பிறகு, சாப்பாடு போடுகிற எவரும் 'இது எங்கே விளைந்தது, எப்போது மருந்தடித்தது?' என்று கேட்டால் அதில் தப்பில்லை. அதற்கு நோட்டுப் போட்டுப் பதில் வைத்திருக்கும் குழுதான் நிலைக்கும்.

ஒரு தாளை எடுங்கள்!

தொழில் யோசனை இருப்பவர்கள், வங்கிக்குப் போகும் முன் இதைச் செய்து பாருங்கள். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்.

முதல் பத்தியில், அவசரத்துக்குக் கை கொடுப்பவர்கள். இதில் ஐந்தாறு பேர்தான் தேறுவார்கள். அது போதும்.

இரண்டாவது பத்தியில், நாம் போகாத இடத்துக்குப் போகிறவர்கள். கம்பெனி டிரைவர், கான்ட்ராக்ட் சூப்பர்வைசர், விடுதி வார்டன், லேத் பட்டறைக்காரர், வங்கி முகவர், கால்நடை ஆய்வாளர், கோயம்பேட்டுக்கு லோடு ஏற்றும் தம்பி. இங்கே 20 பேராவது வர வேண்டும். வரவில்லை என்றால், பணத்துக்கு முன்னால் இதைத்தான் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது பத்தியில், அவர்களுக்கு நாம் என்ன செய்ய முடியும் என்பது. இதுதான் பலரும் விடுகிற பத்தி. காரியம் ஆக வேண்டும் என்றால் மட்டும் போன் செய்பவரை யாரும் இரண்டாவது முறை எடுக்கமாட்டார்கள். டிரைவர் வீட்டு விசேஷத்துக்கு ஒரு கட்டு வாழை இலை, வார்டனுக்கு 'இந்த வாரம் தக்காளி விலை ஏறும்' என்ற ஒரு செய்தி, பட்டறைக்காரருக்கு ஒரு நல்ல வேலையாள்... பழக்கம் என்பது கொடுக்கல் வாங்கல்தான்.

பிறகு, வாரம் இரண்டு பேரைச் சந்தியுங்கள். 'எனக்கு ஆர்டர் கொடுங்க' என்று ஆரம்பிக்காதீர்கள். 'உங்களுக்கு எது சரியா கிடைக்கறதில்லை அண்ணே?' என்று கேளுங்கள். தொழில் அந்தப் பதிலில்தான் இருக்கும். முதல் ஆர்டரைச் சிறிதாக வாங்குங்கள். சொன்ன நேரத்துக்கு, சொன்ன எடையில் மூன்று மாதம் கொடுத்தால், அந்த ஆளே அடுத்த கேன்டீன்காரரிடம் உங்களைச் சொல்லுவார்.

வலை கழுத்தை இறுக்கும் நேரம்

ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்பதை இந்த வட்டாரத்தில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டது. வேலை இழந்தவர்களோடு சேர்ந்து வேன்காரர், மெஸ்காரர், அறை வாடகைக்காரர் எல்லோருடைய வருமானமும் விழுந்தது. 2024-ல் சாம்சங் ஆலையில் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்தது. காரணம் எதுவானாலும், ஒரு கம்பெனியின் கேட்டை மட்டும் நம்பிய டீக்கடையில் பால் மிச்சமாகும். விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே ஆளிடம் போகிறது என்றால், அடுத்த வாடிக்கையாளரைத் தேடும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று, உறவு வழியாக வரும் மோசடி. ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனம் மாதம் 25 முதல் 30 சதவிகிதம் வரை வட்டி என்று சொல்லிப் பணம் திரட்டியது. 2022-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸார் வழக்குப் போட்டபோது, ஒரு லட்சம் பேருக்கு மேல் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் போட்டிருந்தது தெரிய வந்தது. வட மாவட்டக் கிராமங்களில் இப்படிப்பட்ட திட்டங்கள் பரவியது விளம்பரத்தால் மட்டுமா? சித்தப்பா போட்டார், வாத்தியார் போட்டார், கூட வேலை செய்கிறவர் வட்டி வாங்கிக் காட்டினார் என்றுதான் பரவின. கீரை ஆர்டர் வரும் அதே வழியில்தான் மோசடியும் வரும். 'அவர் சொன்னார்' என்பது விசாரிக்க ஆரம்பிக்க ஒரு காரணம். விசாரணையை நிறுத்த அது காரணம் ஆகாது.

வாசகர்களுக்கு எழும் கேள்விகள்

'எங்கள் சொந்தத்தில் யாரும் படித்து, பெரிய வேலையில் இல்லை. யாரிடம் போய் ஆரம்பிப்பது?'

பெரிய வேலையில் இருப்பவர் தேவையில்லை. வேறு இடத்தில் இருப்பவர்தான் தேவை. ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்பு, வேளாண் விரிவாக்க மையம், காஞ்சிபுரம் மாவட்டத் தொழில் மையம், பக்கத்தில் உள்ள உழவர் உற்பத்தியாளர் கம்பெனி, இந்த நான்கு இடத்திலும் மாதம் ஒருமுறை முகம் காட்டுங்கள். மூன்றாவது தடவை உங்கள் பெயர் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மானியத் திட்டங்கள் வரும்போது ஞாபகம் வரும் பெயருக்குத்தான் போன் வரும்.

'நிலம் விற்ற பணத்தில் வேன் வாங்கி, கம்பெனிக்கு விடலாம் என்கிறார் என் மச்சான். செய்யலாமா?'

வேன் வாங்கும் முன், ஏற்கெனவே வேன் விடுகிற மூன்று பேரிடம் தனித்தனியாகப் பேசுங்கள். ஒப்பந்தம் யார் பெயரில், மாதப் பணம் எத்தனை நாள் தள்ளி வருகிறது, ஷிஃப்டு குறைந்தால் வாடகை உண்டா என்று கேளுங்கள். மச்சானுக்கு அந்த ஒப்பந்தத்தில் என்ன பங்கு என்றும் கேளுங்கள். அதில் கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பங்கு, லாபம், நஷ்டம் மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் தொழிலும் இருக்கும், உறவும் இருக்கும். மொத்தப் பணத்தையும் ஒரே வண்டியில் ஏற்ற வேண்டாம்.

'சொந்தக்காரர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்கிறார். மறுத்தால் மனஸ்தாபம் வரும்...'

1872-ம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் தவிர, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. 'சும்மா ஒரு கையெழுத்து' என்று ஒன்று கிடையாது. முழுத் தொகையையும் நீங்களே கட்டத் தயார் என்றால் மட்டும் போடுங்கள். இல்லையென்றால், உங்களால் இழக்க முடிந்த ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்துவிட்டு, கையெழுத்துக்கு முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

'மசாலா பாக்கெட் போட்டு ஒரு கான்ட்ராக்டருக்குக் கொடுக்கிறோம். மூன்று மாதமாகப் பணம் வரவில்லை. கேட்டால் ஆர்டர் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.'

உத்யம் பதிவு செய்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஆதார் வைத்து ஆன்லைனில் இலவசமாகப் பதியலாம். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தி அல்லது சேவைத் தொழிலுக்கு, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் சரக்கை ஏற்ற 15 நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் வருஷச் சட்டம். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். புகாருக்கு மாவட்டத் தொழில் மையத்தில் வழி கேளுங்கள். பில்லும், சரக்கு இறக்கிய கையெழுத்தும் கட்டாயம் வேண்டும். வயலில் விளைந்த காயை அப்படியே விற்பவருக்கு இந்தப் பதிவு பொருந்தாது. அவர்கள் வாரப் பணம் என்று பேசிக்கொள்வதுதான் பாதுகாப்பு. தனியாகக் கேட்கப் பயமென்றால், குழுவாகக் கேளுங்கள். ஒருவர் ஆர்டரை நிறுத்துவது சுலபம். பத்துப் பேர் ஆர்டரை நிறுத்தினால் அவருக்கும் சமையல் நின்றுவிடும்.

'வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் விற்பனை வருமா?'

செய்தி வரும், நம்பிக்கை நேரில்தான் வரும். வட கேரளக் கடற்கரையில் 1997-க்குப் பிறகு செல்போன் வந்தபோது, மீனவர்கள் கடலில் இருந்தபடியே எந்தத் துறைமுகத்தில் என்ன விலை என்று கேட்டுக் கரை சேர்ந்தார்கள். மீன் வீணாவது நின்றது. மீனவர் லாபம் சுமார் 8 சதவிகிதம் கூடியது, வாங்குபவருக்கும் விலை சுமார் 4 சதவிகிதம் குறைந்தது என்று ராபர்ட் ஜென்சன் என்ற ஆய்வாளர் 2007-ல் எழுதினார். போனில் விலை கேட்டார்கள். ஆனால், கொண்டுபோன மீன் நல்ல மீனாக இருந்தது. உங்கள் குழுவில் காலை வணக்கப் படங்களை நிறுத்திவிட்டு, 'நாளை இருப்பு, எடை, விலை' என்று மூன்று வரி மட்டும் போடும் பழக்கம் வந்தால், அந்தக் குழு வேலை செய்யும்.

இப்போது நவரை நடவுக்கும் சித்திரைக் கீரைக்கும் நடுவில் கொஞ்சம் நேரம் கிடைக்கும்போது, அந்த மூன்று பத்தித் தாளை எழுதிப் பாருங்கள். இரண்டாவது பத்தியில் முதலில் வரும் பெயருக்கு இந்த வாரமே ஒரு போன் செய்யுங்கள். எதையும் விற்பதற்காக வேண்டாம். அவருக்கு எது சரியாகக் கிடைப்பதில்லை என்று கேட்பதற்காக.